ஆவுடையப்பன் பதில் சொல்லும்வரை

விஜயதசமி அன்று விடிந்தபோது எங்கள் தட்டான்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் ஊரின் மேற்குக் கோடியை விட்டுக் கிளம்பி, தன் வேப்பமரத்தையும் கட்டணக் கழிப்பிடத்தையும் என்றைக்கோ நின்றுபோன கடிகாரத்தையும் கூட்டிக்கொண்டு, நட்டநடு ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க மேற்கே போனவர்கள் அங்கே வெறும் பொட்டலைப் பார்த்துவிட்டு, என்ன ரோதனை இது என்று முனகியபடி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்களே ஒழிய ஒருவரும் மயங்கி விழவில்லை. தெருமுனைகள் எல்லாம் ஒரே இரவில் வட்டமாக மழுங்கிப்போயிருந்தன, அவற்றில் முட்டிக்கொள்ளாமல் திரும்பலாம் என்று மாடுகளுக்குத்தான் சந்தோஷம். எங்களுக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்காக. பூஜை அன்று அது எப்படி வேலை பார்க்கலாம்?

அது என்றால் உலகம்மாள் கடைக் கம்ப்யூட்டர். ஆயுத பூஜை அன்று அரிவாள்மணை முதல் ஆட்டோ வரை, என் தையல் மெஷின் உட்பட, ஊரில் உள்ள சகல ஆயுதங்களும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மறுநாள் காலையில் பூஜை பிரிக்கும்வரை நாங்களும் அவற்றைத் தொடமாட்டோம், அவையும் அசையக்கூடாது. அப்படிப்பட்ட நாளில், மாலை மரியாதையோடு பொரிகடலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டி மட்டும், கேட்பாரில்லாமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, கையோடு ஊரையும் புதுப்பித்துவிட்டது.

பெட்டிக்கு ஒன்று ஆனால் ஊருக்கும் அது ஆகும் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சான்றிதழ் மனு, காது குத்துகிறவனுக்கு அழைப்பு, கட்டிக்கொள்கிறவனுக்குப் பத்திரிகை, சண்டை போடுகிறவனுக்குப் புகார், செத்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாமே அந்த ஒரு பெட்டியில்தான் அடிக்கப்பட்டன. ஊர் வெளியே இருந்ததைவிட அதற்குள்தான் அதிகம் இருந்தது. அதனால்தான் உலகம்மாள், 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா' என்று அது கேட்கும்போதெல்லாம், தினமும் காலையில் ஊதுபத்தி கொளுத்தின கையோடு 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டே வேலையைத் தொடங்குவாள். இரண்டு வருஷம் அப்படி அழுத்தினாள். பூஜை அன்று அதை அணைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அலங்காரத்துக்குப் போட்ட சீரியல் பல்பும் பெட்டியும் ஒரே சுவிட்சில் இருந்ததால், பல்பு எரியட்டும் என்று அணைக்காமல் விட்டுவிட்டாள். பொரி வாங்க வந்த நாங்கள் நாற்பது ஐம்பது பேரும் திரையில் சந்தனப் பொட்டுக்குக் கீழே அந்தக் கேள்வியையும், அதன் பக்கத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கடிகாரத்தையும் பார்த்தோம். ஆயுதத்தைத் தொடக்கூடாத நாள் என்பதால் ஒருவரும் 'பிறகு' என்பதை அழுத்தவில்லை. பதில் வராததை அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

உலகம்மாளின் கணவன் ஆவுடையப்பனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அவனால்தான். அதே கடையில் ஒரு மூலையில் ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் லேமினேஷன் போட்டுக்கொடுப்பவன். அவனுக்குத் திக்குவாய். சொல் அவன் தொண்டையில் ஏறி, நாக்கில் உட்கார்ந்து, யோசித்து, இறங்கி, மறுபடி ஏறித்தான் வெளியே வரும். பெண் பார்க்கப் போன அன்று 'என்னைப் பிடிச்சிருக்கா' என்று கேட்பதற்கு அவனுக்கு முழுசாக நாலு நிமிஷம் ஆயிற்றாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு சொல்லாக எடுத்துக்கொடுக்க, உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்த பெண், "எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க, அவுக கேக்கட்டும்" என்றாளாம். அன்றைக்குக் காத்திருந்தவள் இன்றைக்கும் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். நாங்கள் அப்படியில்லை. ஊரே அவன் பேச்சை அவனுக்கு முன்னால் முடித்துவைக்கும், அதில் நான்தான் முதல் ஆள். ஒரு தடவை சந்தைத் தெருவில் அவர்கள் கடைக்கு எதிரே இருக்கும் என் கடை வாசலில் வந்து நின்று "ச... ச..." என்றான். "சட்டைதானே, நாளைக்குத் தாரேன்" என்று அனுப்பிவிட்டேன். அவன் சொல்ல வந்தது சவுந்திரம் மாமா தவறிவிட்டார் என்பது. நான் கேதத்துக்குப் போகாததால் இன்றுவரை அந்த வீட்டில் எனக்குக் கெட்ட பேர்.

புதிய ஊருக்கு நாங்கள் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். சில சாமான்கள் சாம்பல் நிறமாகிப்போயிருந்தன. இருக்கும், பார்க்கலாம், ஆனால் பயன்படுத்த முடியாது. தபால்பெட்டி சாம்பலாயிற்று, கடிதத்தை உள்ளே தள்ளினால் போகாது. மாடசாமி கோயில் மணி சாம்பலாயிற்று, எவ்வளவு இழுத்து அடித்தாலும் சத்தம் வராது. கூத்தன் கடை மிளகாய் பஜ்ஜி தட்டில் சாம்பல் நிறத்தில் ஆவி பறக்க இருக்கும், எடுக்கப் போனால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். இஞ்சி டீ வேண்டுமென்றால் முன்போல் கேட்டுவிட முடியாது. கல்லாமேசையில் மூன்று தடவை தட்டினால்தான் கூத்தனுக்கே அது ஞாபகம் வரும். நாங்கள் கேட்காமலே ஒரு டை கட்டிய ஆள் தெற்குத் தெரு முனையில் முளைத்திருந்தான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கு முப்பத்திரண்டு டிகிரி என்றும், எங்கோ யாரோ ஒரு நடிகைக்கு நிச்சயதார்த்தம் என்றும் சொல்லிக்கொண்டே இருப்பான், விலகிப் போகச் சொன்னால் போகத் தெரியாது. பாவம் என்று மத்தியானச் சோறு போட்டோம். மணி வேலை செய்யாததால் பூசாரி வாயாலேயே 'டிங் டிங்' என்று சொல்லிக்கொண்டு தீபாராதனை காட்டினார். பதினைந்தே நாளில் இதெல்லாம் எங்களுக்குச் சகஜமாகிவிட்டது. எதையும் சகித்துக்கொள்ளும் எங்கள் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

கார்த்திகை மாதம் பிறந்து நாலாம் நாள் திரையில் அடுத்த அறிவிப்பு வந்தது. மார்கழி இரண்டாம் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அடுத்த பதிப்பு. அதில் இன்னின்ன இனி ஆதரிக்கப்படமாட்டா என்று ஒரு பட்டியல். உலகம்மாள் அதை அச்செடுத்து, கண்ணீர் அஞ்சலிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். முதல் ஆறும் தகர டிரங்குப் பெட்டி, பித்தளைத் திருகாணி என்று சில்லறை விஷயங்கள். ஏழாவதாக இப்படி இருந்தது: 'கேட்ட கேள்விக்கு மூன்று விநாடிக்குள் பதில் சொல்ல இயலாத நபர்கள்.' எட்டாவது என்று எண் மட்டும் போட்டு, பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்தது.

ஒட்டிவிட்டுத் திரும்பியவள் லேமினேஷன் மூலையைப் பார்த்தாள். அவனும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். சாம்பலாகிவிட்டால் அவன் செத்துவிடப்போவதில்லை. அங்கேயேதான் இருப்பான், அதே நீலக்கட்டம் போட்ட கைலியோடு, அதே ஸ்டூலில். ஆனால் கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் விரல் வழுக்கும். செத்துப்போனாலாவது போஸ்டர் அடிக்கலாம், இதற்கு என்ன அடிப்பது என்று உலகம்மாள் என் கடை வாசலில் வந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஊரில் மெதுவாகப் பேசுகிறவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது: என்ன கேட்டாலும் உடனே "சரி" என்று சொல்லிவிடுவது. வாய்ப்பாடு மாதிரி பாடம் பண்ணினார்கள். பேர் என்ன என்றால் சரி, சாப்பிட்டாச்சா என்றால் சரி, உன் வயலை எழுதிக்கொடுப்பாயா என்றால் சரி. ஆறு பேரும் தப்பித்தோம் என்று நிம்மதியானார்கள். வேகமாகப் பேசத் தெரிந்த நாங்களும், எதற்கும் இருக்கட்டும் என்று பழகிக்கொண்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் "சரி, சரி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சரின்னு ஒரு சொல்லுதானே, இல்லேன்னா தலையையாவது ஆட்டுங்க" என்று உலகம்மாள் கணவனைக் கெஞ்சினாள்.

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான். தொண்டையில் சொல் ஏறுவது எனக்கு என் கடையிலிருந்தே தெரிந்தது.

"நா... நான்... ச... சரின்னு சொல்ல மா... மாட்டேன். எ... எனக்குச் சரியி... யில்ல."

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குள் போனவள், ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, காலையில் பெட்டியைப் போட்டது முதல் மாலையில் அணைக்கும்வரை மணிக்கு ஒரு பேராக, பெட்டிக்கு எதிரே உட்கார ஆள் எழுதினாள். இப்போது அது மணிக்கு ஒரு தடவை கேட்க ஆரம்பித்திருந்தது. கேட்டவுடன் யாராவது 'பிறகு' என்று அழுத்திக்கொண்டே இருந்தால் தேதி தள்ளிப்போகும் என்பது அவள் கணக்கு. கூத்தன் வந்து உட்கார்ந்தான், பூசாரி உட்கார்ந்தார், கீரை விற்கிற சொர்ணத்தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். டை கட்டிய ஆள்கூட ஒரு நாள் வந்து, அவன் எந்தப் பக்கத்து ஆள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒழுங்காக அழுத்திவிட்டுப் போனான். இருபது நாள் இப்படி எங்கள் ஊர் 'பிறகு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்தோராம் நாள் காலை அந்தப் பொத்தானைக் காணோம். அது இருந்த இடத்தில் 'இப்போதே' என்று ஒன்றும், 'வியாழன் பதினோரு மணிக்கு' என்று ஒன்றும்தான் இருந்தன.

சரோஜா கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. கடையநல்லூர்க்காரரான அன்சாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர், உலகம்மாளின் பெட்டி மக்கர் பண்ணினால் வந்து பார்க்கிறவர். அவர் சட்டைப்பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது இன்னொரு சிஸ்டம். யாரோட சொத்தும் இல்ல, எல்லாரோட சொத்து. உலகத்துல பல பேரு சேந்து செஞ்சது. உங்களக் கேக்காம ஒண்ணும் ஏறாது. கேட்டாலும், நீங்க பதில் சொல்லுத வரைக்கும் நிக்கும்."

"கோளாறு வந்தா யாரக் கேக்க?" என்றான் கூத்தன்.

"நம்மளத்தான். நாமதான் பாத்துக்கிடணும். பொய் சொல்ல மாட்டேன், ஏத்தினவுடனே சில சாமான் வேல செய்யாது. பிரிண்டர் மல்லுக்கு நிக்கும். சத்தம் வராமப் போனாலும் போகும். உக்காந்து ஒவ்வொண்ணாச் சரிபண்ணணும். அப்புறம், பெட்டியில உள்ள பழசெல்லாம் அழிஞ்சிரும்."

சத்தம் வராமல் போகும் என்றதும் மண்டபம் முழுக்கச் சலசலப்பு. ஸ்டூடியோ மகிழ்வண்ணன் எழுந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர், எதிலும் நாகரிகமான மனுஷர், புது ஊரின் வட்ட முனைகள் போட்டோவுக்கு எடுப்பாக இருப்பதாக ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்.

"மாறணும்னா வேற கம்பெனியோட அந்த வெள்ளப் பெட்டிக்கு மாறுவோமே. எங்க மச்சான் ஊர்ல அதான். எவ்வளவு அழகு தெரியுமா? தெருவுல ஒரு கறை கிடையாது."

"அங்க சொவத்துல ஆணி அடிக்கணும்னாக்கூட கம்பெனியில கேட்டுத்தான் அடிக்கணும். அடிக்குத ஆணியும் அவுக ஆணியா இருக்கணும்" என்றார் அன்சாரி. "அதோட, அதுக்குப் பெட்டிய மட்டும் மாத்த முடியாது. வீடு வாசல் எல்லாத்தையும் புதுசா வாங்கணும்."

"சரி, அப்ப இதுலேயே இருப்போம்" என்றார் மகிழ்வண்ணன். "நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. பஜ்ஜி போச்சு, மணி போச்சு, நாம வாழலையா? ஒரு ஆளுக்காக ஊரே மாறணுமா? அவரும் எங்கயும் போயிரப்போறதில்ல. கண்ணுக்கு முன்னாலதான் இருப்பாரு."

அவர் பேசி முடித்தபோது மண்டபத்தில் நிறையத் தலைகள் ஆடின. என் தலையும் ஆடிற்று, மறைத்து என்ன ஆகப்போகிறது. "சரி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உலகம்மாள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கடைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்திருந்த பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு வரிசையாகப் போய்ப் பிடித்துக் காட்டினாள்.

"ஏழாவது எம் புருசன். எட்டாவது யாருன்னு போடல. மகிழ்வண்ணன் அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை வியாதிக்காரங்களா? பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கவங்களா? ரெண்டு பொண்ணு பெத்தவங்களா? கெட்டிக்காரத்தனமா சரி சரின்னு படிச்சீங்களே, சரின்னு சொல்லுதவங்கதான் எட்டாவதுன்னு நாளைக்கு வந்தா என்ன சொல்லுவீங்க? அதுக்கும் சரிதானா?"

யாரும் மூன்று விநாடிக்குள் பதில் சொல்லவில்லை. முப்பது விநாடியிலும் சொல்லவில்லை. கடைசியில் கீரைக்காரச் சொர்ணத்தாய் எழுந்து, "சத்தம் போனாப் போகட்டும், கூவாம வித்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மகிழ்வண்ணன் மட்டும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்தே இருந்தார்.

அடுத்த ஐந்து நாளும் ஊர் தன்னைத்தானே அச்செடுத்தது. பெட்டியில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் தாள் தாளாக வெளியே வந்தது. பிறந்தவர்கள், பூப்பெய்தியவர்கள், கட்டிக்கொண்டவர்கள், வழக்குப் போட்டவர்கள், தவறியவர்கள் எல்லாரும் சூடாக வந்து விழ, ஆவுடையப்பன் ஒவ்வொருவரையும் பக்குவமாக எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மெஷினில் விட்டான். தெருமுழுக்கக் கொடி கட்டி அவர்களைத் தொங்கவிட்டோம். சவுந்திரம் மாமாவின் போஸ்டர் என் கடைக்கு நேரே தொங்கியது. போகிற வருகிற நேரமெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என்று சொன்ன புதுப்பதிப்பு ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வரும் என்று எங்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்? பதினோரு மணிக்குள் தன் சிஸ்டத்தை ஏற்றிவிடலாம் என்று அன்சாரி அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். உலகம்மாள் திரையைப் பார்த்தபோது 'இருபது சதவீதம் முடிந்தது, பெட்டியை அணைக்காதீர்கள்' என்றிருந்தது. ஆவுடையப்பனைப் பார்த்தாள். யாருடைய ரேஷன் கார்டையோ மெஷினில் விட்டுக்கொண்டிருந்தான். அவன் பாதத்திலிருந்து சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது. கைலியின் நீலக்கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. "என்னங்க, இங்க பாருங்க!" அவன் பார்த்தான்; பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவருக்குப் போனது. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், விரல் வழுக்கிற்று. முப்பத்தைந்து சதவீதம்.

சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். உலகம்மாள் மேசைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடித்தாள்.

"அணைக்காதீங்கன்னு போட்டிருக்குல்லா!" என்று அலறினார் மகிழ்வண்ணன். "பாதியில பிடுங்கினா ஊரே போயிரும்மா!"

"அணைக்காதேன்னு சொல்ல அவன் யாரு?" மேசைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "என் கரண்டு, என் பெட்டி, என் புருசன்!"

பிடுங்கினாள்.

முப்பத்தைந்து சதவீதத்தில் ஊர் நின்றது. நடு ஊரில் பஸ் பாதி திரும்பிய நிலையில் நின்றது, கூத்தன் கடையில் தோசை கரண்டிமேல் நின்றது, பூசாரியின் வாயில் இரண்டாவது 'டிங்' நின்றது. எங்களால் கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. அசைந்தவர்கள் இரண்டே பேர்: வயரைக் கையில் வைத்திருந்த உலகம்மாள், ஊருக்கு வெளியாள் என்பதால் அன்சாரி. அவர் ஓடி வந்து பென் டிரைவைச் சொருக, அவள் மறுபடி வயரை மாட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இதிலுள்ள எல்லாம் அழியும். சம்மதமா?' கேள்விக்குப் பக்கத்தில் கடிகாரம் இல்லை. அது அவசரப்படுத்தாமல் நின்றது. உலகம்மாள் இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரு தடவை நினைத்துக்கொண்டு, தன் கல்யாணப் பத்திரிகைதான் அதில் அடித்த முதல் பத்திரிகை என்பதையும் நினைத்துக்கொண்டு, விரலை வைத்து அழுத்தினாள்.

தோசை திரும்பி விழுந்தது. பஸ் நகர்ந்தது. ஆவுடையப்பனின் கைலியில் நீலம் ஒவ்வொரு கட்டமாகத் திரும்பி வந்தது. நாங்கள் ஓவென்று கத்தினோம், ஒன்றும் கேட்கவில்லை. அன்சாரி சொன்னதுபோலவே சத்தம் போயிருந்தது.

ஒன்பது நாள் தட்டான்குறிச்சியில் சத்தமே கிடையாது. நாய் வாயைத் திறக்கும், ஒன்றும் வராது. பஸ் வருவது காலடியில் அதிர்ந்தால்தான் தெரியும். கையாலும் கண்ணாலும் பேசப் பழகினோம், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்க எங்கள் ஒவ்வொருவருக்கும் நாலு நிமிஷம் ஆயிற்று. எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்று தெரியாமல், அவன் கை ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எனக்கு ஊசிநூல் வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டில், நடுவில் ஒருவன் எனக்குப் பித்தான் எடுத்துக்கொடுத்தபோது வந்த ஆத்திரத்தில்தான், ஆவுடையப்பனுக்கு நாங்கள் இத்தனை வருஷம் என்ன செய்துவந்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. அந்த ஒன்பது நாளும் ஊரில் பதறாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான். யார் எவ்வளவு நேரம் கையை ஆட்டினாலும் அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றான், ஒரு தடவைகூட முந்திக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம், பெட்டிக்கு முன்னால் தாடி வளர்ந்து உட்கார்ந்திருந்த அன்சாரி ஏதோ ஒன்றைத் தட்டினார். மாடசாமி கோயில் மணி 'டங்' என்றது. சாம்பலாகிக்கிடந்த அதே மணிதான். சந்தைச் சனம் முழுக்கக் கடை வாசலுக்கு ஓடிவந்தது, வந்துவிட்டு யார் முதலில் பேசுவது என்று கூச்சப்பட்டு நின்றது. ஆவுடையப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"உ..." என்றான்.

என் நாக்கு துறுதுறுத்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தேன், எல்லாரும் கடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"உ... உல... உலகம்மா... ஒ... ஒம்பது நாளா... நீ... சா... சாப்பிட்டியா?"

"இல்லங்க" என்றாள் அவள். ஒன்பது நாளாகப் பெட்டிக்கு முன்னாலேயே இருந்தவள். "இப்ப சாப்பிடுவோம்." நான் அழுதேன். தையல்காரன் அழுதான் என்று யாராவது எழுதிக்கொள்ளட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் நடக்கக்கூடியவைதான். பஸ் ஸ்டாண்டை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் ஒரு மாதம் சண்டை போட்டு, கடைசியில் பழைய மேற்குக் கோடியிலேயே வைத்தோம். பிரிண்டர் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வேலை செய்யாது. டை கட்டிய ஆள் டையைக் கழற்றிவிட்டுக் கூத்தன் கடையில் டீ ஆற்றுகிறான், பஜ்ஜி நல்ல மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்தால் பெட்டி கேட்கும், 'வேண்டுமா?' என்று. அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பை ஊர் ஆவுடையப்பனிடம் கொடுத்திருக்கிறது. அவன் படித்துப் பார்ப்பான், யோசிப்பான், சிலவற்றுக்கு வேணும் என்பான், சிலவற்றுக்கு வேண்டாம் என்பான். எதுவானாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை ஊரில் ஓர் ஆணியும் நகராது.

போன மாசி மாதம் பழைய சிஸ்டத்துக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் பை, முகத்தில் சிரிப்பு. தட்டான்குறிச்சியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருப்பதாகவும், பழையதெல்லாம் மன்னிக்கப்பட்டதாகவும், ஒரே ஒரு பதில் போதும் என்றும் சொன்னார். யாரிடம் கேட்க வேண்டும் என்றார். காட்டினோம். உலகம்மாள் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"வே..." என்று தொடங்கினான் ஆவுடையப்பன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேணும்னுதானே சார் சொல்ல வர்றீங்க? நான் எழுதிக்கிடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

சந்தையே எழுந்து நின்றது. கூத்தன் கரண்டியோடு வந்தான், சொர்ணத்தாய் கூடையோடு வந்தாள், மகிழ்வண்ணன் ஸ்டூடியோவிலிருந்து செருப்புப் போடாமல் ஓடிவந்தார், நான் கழுத்தில் தொங்கிய டேப்போடு போய் நின்றேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லார் வாயிலும் ஒரே பேச்சு வந்தது.

"செத்த சும்மா இருங்க. அவுக சொல்லட்டும்."

அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். மேற்கே பத்தரை பஸ் வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வே... வே... வேண்டாம்" என்றான் ஆவுடையப்பன். முடித்துவிட்டானாக்கும் என்று அதிகாரி எழுந்தார். அவன் கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னான். சொல் இன்னும் பாக்கி இருந்தது. நாங்கள் அசையவில்லை.

"டீ... டீ கு... குடிச்சிட்டுப் போங்க."